கோல்ரேகாவுக்கு ஐம்பது வயது

கோல்ரேகா வார இதழுக்கு ஐம்பது வயது நிறையப்போகிறது என்று கேட்டதும் ஜர்ணா தலாபாத்ராவுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தோரு வயதில் செத்துப்போன ஒன்றுக்கு ஐம்பது எப்படி நிறையும்?

சொன்னவன் ரணதீப் லாஹா. பத்திரிகையை ஆரம்பித்த அம்பிகா லாஹாவின் பேரன். முப்பத்தைந்து வயதிருக்கும். கல்கத்தா டாக்குரியாவில் அவளுடைய இரண்டாம் மாடி வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறி வந்து, காலணியைக் கழற்றாமல் உட்கார்ந்து, அவளுக்கென்று கொண்டுவந்த சந்தேஷ் இனிப்புப் பெட்டியைத் தானே திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அக்கா என்றால் பெயரோடு 'தி', அண்ணன் என்றால் 'தா' சேர்த்துக் கூப்பிடுகிற ஊர் அது.

"ஜர்ணாதி, பழைய பேருக்கு இப்ப நல்ல மவுசு. கோல்ரேகாவத் திரும்பக் கொண்டுவரப்போறேன். முதல் இதழ் பொன்விழா மலர். அதுல பத்திரிகையோட வரலாற நீங்கதான் எழுதணும்."

"நான் எதுக்கு? உங்க தாத்தா காலத்துல பெரிய பெரிய எழுத்தாளருங்க எல்லாம் இருந்தாங்களே."

"இருந்தாங்க. இப்ப ஒருத்தரும் உயிரோட இல்ல. நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."

"மிச்சம் மீதிய வச்சுதான் விருந்தா?"

அவனுக்குப் புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்துவைத்தான். இன்னொரு சந்தேஷை எடுத்தான்.

அவனை அப்படியே அனுப்பியிருக்கலாம். அறுபத்தெட்டு வயதில் லாஹா வீட்டுக்காரர்களுக்கு வேலை செய்துகொடுக்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. ஆனால் அலமாரியின் அடித்தட்டில், பழுப்பு உறைக்குள், அச்சேறாத ஆறு பக்கங்கள் நாற்பத்து நான்கு வருடமாகக் கிடந்தன. அந்த ஆறு பக்கத்தை நினைத்துத்தான் சரி என்றாள்.

"ஆனா உண்மையத்தான் எழுதுவேன்."

"அதுதான் வேணும் ஜர்ணாதி. நெஞ்சைத் தொடுற மாதிரி எழுதுங்க."

உண்மை என்றால் நெஞ்சைத் தொடுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் படியிறங்கிப் போகும் சத்தம் அடங்கியதும், சந்தேஷ் பெட்டியைக் கீழ்வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

அம்பிகா லாஹாவுக்குப் பெனியாடோலா சந்தில் ஓர் அச்சகம் இருந்தது. பஞ்சாங்கமும் கல்யாணப் பத்திரிகையும் அடிப்பார்கள். பஞ்சாங்கம் வருடத்துக்கு ஒருமுறைதான் விற்கும். கல்யாணம் எல்லா மாதமும் நடக்காது. ஆடு மாடு போல மெஷினுக்கும் தினமும் தீனி போட்டாக வேண்டும் என்று கணக்குப் பார்த்த லாஹா, கல்கத்தாவில் என்றைக்கும் ஓயாத சண்டை எது என்று யோசித்தார். பச்சை-மெரூன் சட்டைக்காரர்களுக்கும் சிவப்பு-மஞ்சள் சட்டைக்காரர்களுக்கும் நடக்கும் கால்பந்துச் சண்டை கண்ணில் பட்டது. இப்படித்தான் எழுபத்து மூன்றாம் வருடம் கோல்ரேகா, அதாவது கோல்கோடு, பிறந்தது. விளையாட்டின் மீது அந்த வீட்டில் யாருக்கும் ஆசை கிடையாது. லாஹா கடைசிவரை 'ஆஃப்சைடு' என்பதை ஏதோ ஒரு ஊரின் பெயர் என்றே நினைத்திருந்தார் என்பது ஜர்ணாவின் சந்தேகம்.

ஆசிரியராக நீரத்பரண் முஸ்தஃபி வந்தார்; முஸ்தஃபி என்பது அங்கே ஓர் இந்துக் குடும்பப் பெயர். கஞ்சி போட்ட வேட்டி, வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி, பளபளக்கும் பம்ப் ஷூ. மைதானத்தில் மழைக்காலத்தில்தான் லீக் ஆட்டம் நடக்கும்; சேறு முழங்கால்வரை இருக்கும். அந்த ஷூவோடு யார் அங்கே போவது? முஸ்தஃபி போகவில்லை. பதினெட்டு வருடம் போகவில்லை. ஆட்டம் இருக்கும் நாட்களில் அச்சகத்துக்கு அடுத்த சந்தில் இருந்த 'கேபின்' என்ற சிற்றுண்டிக் கடையில், மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கும் மேசையில், ரேடியோவைக் காதோரம் வைத்துக்கொண்டு கவிராஜி கட்லெட் சாப்பிடுவார். வர்ணனையாளர் 'நல்ல ஷாட்' என்று சொன்னால் இவர், 'அந்தி வானத்தில் கொக்கு வளைந்து பறந்தது போல அந்தப் பந்து சென்றது. அதைக் கண்ட என் கண்களில் நீர் துளிர்த்தது' என்று எழுதுவார். கண்ணில் நீர் துளிர்த்தது உண்மைதான். கடுகு விழுதுக் காரம்.

ஊர் அவருக்கு 'மைதானத்தின் மனசாட்சி' என்று பட்டம் கொடுத்தது. மைதானம் இருக்கும் திசை தெரியாத மனசாட்சி.

ஜர்ணா அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு சண்டையில்தான். இருபது வயதில் அவள் பெண்கள் கால்பந்து ஆடினாள், வலது ஓரத்தில். அவர்களுடைய முதல் போட்டியின் படத்தைப் போட்டு, கீழே 'அடுப்பங்கரையில் சோறு தீய்ந்துகொண்டிருக்கிறது' என்று கோல்ரேகா எழுதியது. அவள் அந்த இதழை எடுத்துக்கொண்டு நேராக முஸ்தஃபியிடம் போனாள்.

"யார் எழுதினது இது?"

முஸ்தஃபி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏம்மா, நகைச்சுவையை ரசிக்கத் தெரியாதா உனக்கு?"

"ரசிக்கத் தெரியும். இதுல எழுத்துப்பிழை ஏழு இருக்கு. அதுதான் சிரிப்பா இருந்துச்சு."

அவர் ஏழையும் எண்ணச் சொன்னார். எண்ணினாள். அப்போது பிழைதிருத்துபவர் காமாலையில் படுத்திருந்தார். மறுநாளிலிருந்து அந்த நாற்காலி அவளுடையது. தன்னை அவமானப்படுத்திய இடத்திலேயே வேலைக்குச் சேர்ந்ததற்காகக் கூட ஆடிய பெண்கள் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி என்றுதான் பிறகு எப்போதும் நினைத்தாள்.

சேர்ந்த மூன்றாம் வாரம் இரட்டை அட்டை ரகசியம் தெரிந்தது. இரண்டு பெரிய அணிகளும் மோதும் வாரத்தில் கோல்ரேகா இரண்டாகப் பிறக்கும். ஷியாம்பஜார் பக்கம் போகும் பத்திரிகைக் கட்டுகளில் பச்சை-மெரூன் அட்டை, 'வீரத்தின் வெற்றி'. ஜாதவ்பூர் பக்கத்து அகதிக் குடியிருப்புகளுக்குப் போகும் கட்டுகளில் சிவப்பு-மஞ்சள் அட்டை, 'நடுவர் திருடிய வெற்றி'. இரண்டையும் முஸ்தஃபியே எழுதுவார், ஒரே கட்லெட்டைத் தின்றபடி. ஒருமுறை கட்டுகள் மாறிப் போய்விட்டன. ஷியாம்பஜார் முக்கில் பத்திரிகைக் கடைக்காரர் ஒருவரின் தட்டியைப் பிய்த்தெறிந்து, அவர் முதுகில் நாலு போட்டு அனுப்பினார்கள். முஸ்தஃபி அடுத்த வாரம் அதைக் கண்டித்துத் தலையங்கம் எழுதினார். தலைப்பு, 'பத்திரிகைச் சுதந்திரத்தின் மீது விழுந்த அடி'. அடி விழுந்த முதுகுக்குச் சொந்தக்காரர் பெயர் அதில் இல்லை.

பிழைதிருத்தத்தோடு வாசகர் கடிதப் பக்கமும் ஜர்ணாவின் தலையில் விழுந்தது. வாசகர்கள் கடிதம் எழுதாமல் இல்லை. ஆனால் எழுதியவர்கள் பெரும்பாலும் நடிகைகளின் முகவரி கேட்டார்கள். ஆகவே கடிதங்களையும் அவளே எழுதினாள். கூச்பிஹார் தபால்காரர், சில்சார் பள்ளி ஆசிரியை, துர்காபூர் இரும்பாலைத் தொழிலாளி, கண் தெரியாமல் அடுத்தவர் படிக்கக் கேட்கும் பர்த்வான் கிழவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நடை, தனித்தனிக் கோபம். அதை அவள் நன்றாகச் செய்தாள். முஸ்தஃபியின் பொய்யில் உப்பு இருக்காது. என் பொய் நம்பும்படியாவது இருந்தது என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட உண்டு.

இதுவரை எழுதுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. வெறுப்பு பேனாவுக்கு நல்ல மை. தாரக் சாந்த்ராவின் கதையில் வந்துதான் கை நின்றது.

எழுபத்தொன்பதாம் வருடம் ஜூலை. அந்த வாரம் பெரிய ஆட்டம் மழையில் ரத்தாகிவிட்டது. அட்டைக்குப் படம் இல்லை. அதே வாரம் மைதானத்தின் ஒரு மூலையில் சித்பூர் வாலிபர் சங்கமும் ஜோடாபாகான் கிளப்பும் ஆடின. யாரும் கவனிக்காத இரண்டு சிறிய அணிகள். தோற்றால் சித்பூர் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். அன்று விடுப்பில் இருந்த ஜர்ணா குடையைப் பிடித்துக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். சித்பூரின் கோல்கீப்பர் தாரக் சாந்த்ரா, உலுபேரியாக்காரன். வலது கை மோதிர விரல் வாழைப்பூ போல வீங்கி, துண்டுக் கிழிசலால் கட்டியிருந்தான். இரண்டு கோல் விட்டான். சித்பூர் இறங்கியது.

அவள் அறைக்குப் போய் ஆறு பக்கம் எழுதினாள். ஒடிந்த விரலோடு நின்றவனைப் பற்றி, மாற்று கீப்பர் வைத்துக்கொள்ளக்கூட வக்கில்லாத கிளப்பைப் பற்றி. அவள் எழுதிய முதல் ஆட்டக் கட்டுரை அது. மறுநாள் முஸ்தஃபியிடம் கொடுத்தாள்.

அவர் முதல் பக்கத்தைப் பாதிவரை படித்துவிட்டு வைத்தார். "பொண்ணுங்க கட்டுப்போட்ட விரலப் பாத்தா போதும், உருகிடுவீங்க. உலுபேரியாவிலேருந்து வர்ற பையன், ரெண்டு கோலும் லேசான பந்து. நடந்தது என்னன்னு எனக்கு இங்க உக்காந்தே தெரியுது."

"நீங்க பாக்கலியே முஸ்தஃபிதா. ரேடியோவுலகூட அந்த ஆட்டம் சொல்லலியே."

"பாக்கிறதுக்குக் கண்ணு எதுக்கும்மா? அனுபவம் வேணும்."

அந்த வார அட்டையில் தாரக்கின் முகம் வந்தது. மேலே தடித்த எழுத்தில் 'காவலனே கள்வன்'. ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று மூன்று பக்கம். ஆதாரம் என்று ஒரு வரி கிடையாது. கொக்கும் அந்தி வானமும் மட்டும் இருந்தன. இதழ் இரண்டு முறை அச்சடித்தும் தீர்ந்துபோனது. அடுத்த வாரத்துக்கு ஆவேசமான கடிதங்கள் வேண்டும் என்று லாஹா மேலேயிருந்து சொல்லியனுப்பினார். ஜர்ணா எழுதினாள். பதினோரு கடிதம். சில்சார் ஆசிரியை தாரக்கை ஆயுள் முழுக்கத் தடைசெய்யச் சொன்னார். பர்த்வான் கிழவர், இதைக் கேட்பதற்குப் பதில் காதும் போயிருக்கலாம் என்றார்.

தாரக்கை எந்தக் கிளப்பும் அதன்பின் எடுக்கவில்லை. சித்பூர் சங்கம் இரண்டு வருடத்தில் கலைந்தது.

அந்தப் பதினோரு கடிதங்களைப் பற்றி ஜர்ணா யாரிடமும் சொன்னதில்லை. முஸ்தஃபி இறந்தபோது கூட்டத்தோடு கூட்டமாக நீம்தலா சுடுகாடுவரை போய், எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். பத்திரிகை மூடியபின் பள்ளிப் பாடப்புத்தகம் அச்சடிக்கும் இடத்தில் இருபது வருடம் பிழை திருத்தினாள். அந்த மனிதர் ஒரு பொய்யர், நான் அவர் சொன்னதைச் செய்தவள் என்று தனக்குள் பிரித்து வைத்திருந்தாள். கோட்டின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி இவள்.

வரலாறு எழுதுவதென்றால் தாரக்கைப் பார்க்காமல் எழுத முடியாது. ஹவுராவில் ரயில் ஏறி உலுபேரியாவில் இறங்கினாள். சைக்கிள் ரிக்‌ஷாக்காரரிடம் பழைய கோல்கீப்பர் என்றதும் நேராகக் கொண்டுபோய் விட்டார்.

ஓட்டு வீடு. வாசலில் வாத்து இறகுகள் குவியல் குவியலாக. அந்த ஊரில் பாதி வீடுகளில் இறகுப் பந்து செய்வார்கள். எழுபத்தொரு வயது தாரக் சாந்த்ரா தரையில் உட்கார்ந்து இடச்சிறகு இறகையும் வலச்சிறகு இறகையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். உயரமான ஆள், உட்கார்ந்தும் உயரமாகத் தெரிந்தார். கோல்ரேகா என்ற பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க தீதி. வெல்லப் பொரி இருக்கு, சாப்பிடுறீங்களா?"

ஜர்ணா சாப்பிட வரவில்லை. வந்த காரணத்தைச் சொன்னாள். எப்படி ஆரம்பிப்பது என்று ரயிலில் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய் ஒரே மூச்சில் கொட்டினாள். அன்று அந்த இடத்தில் நின்றது, விரலைப் பார்த்தது, எழுதியது, எழுதியதை முஸ்தஃபி தூக்கிப்போட்டது. கடிதங்களையும் சொன்னாள்.

"பதினொண்ணும் நீங்களா எழுதினது?" என்றார் தாரக்.

"ஆமா."

"அந்தக் குருட்டுக் கிழவர் எழுதினதுகூடவா?"

"ஆமா தாரக்தா."

"அதப் படிச்சுட்டு எங்கம்மா ரெண்டு நாள் சாப்பிடல." ஓர் இறகை எடுத்து வலச்சிறகுக் குவியலில் போட்டார். பிறகு, "நல்லாத்தான் எழுதியிருந்தீங்க" என்றார்.

"அந்த மனுஷன் பாக்காமலே உங்க தலையில பழியப் போட்டாரு. இத்தன வருஷம் கழிச்சாவது நான் அத எழுதணும். நீங்க விக்கலன்னு."

தாரக் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"விக்கலன்னு யார் சொன்னா?"

ஜர்ணாவுக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது.

"ஜோடாபாகான் கிளப் செக்ரட்டரி துறைமுகப் பக்கம் ஒரு கிடங்குல பெரிய ஆளு. எந்தம்பி பலாய்க்கு அங்க எழுத்தர் வேலை போட்டுத் தர்றேன்னாரு. ஒரு கோல் விட்டாப் போதும்னாரு. எங்கப்பா போயி ஒரு வருஷம் ஆயிருந்துச்சு தீதி. வீட்டுல ஆறு பேரு."

"அப்ப விரல்?"

"அது முந்தின நாளு கதவிடுக்குல மாட்டினது. நல்ல சாக்காப் போச்சு."

தாரக் தன் பெரிய கைகளை முன்னால் நீட்டி, இல்லாத பந்து ஒன்றைப் பிடிப்பதுபோல வைத்தார்.

"மொத கோல் நானா விட்டது. கால எடுத்து வழிவிட்டேன். பேசினது அவ்வளவுதான். ரெண்டாவதுக்கு நான் நெசமாவே பாஞ்சேன். நெசமாவே புடிக்கத்தான் பாஞ்சேன். கையில வரல. வழுக்கிருச்சு." கைகளை மடியில் போட்டுக்கொண்டார். "வித்ததுக்கு எனக்கு வெக்கம் இல்ல. பலாய்க்கு வேலை கெடச்சுது, தங்கச்சிங்களுக்குக் கல்யாணம் நடந்துச்சு. அந்த ரெண்டாவது கோல்தான். அதையும் நான் வித்ததாத்தான ஊரே நெனைக்குது. அதுதான் தாங்கல."

"தம்பி இப்ப எங்க?"

"பராக்பூர்ல மூணு மாடி வீடு. நான் ஆட்டத்த வித்தவன்னு அவன் மாமியார் வீட்டுல பேச்சாம். அதனால இங்க வர்றதில்ல." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் சூடு ஏறியது. "எழுதுங்க தீதி. பேரோட எழுதுங்க. பலாய் சாந்த்ரான்னு முழுசா எழுதுங்க."

திரும்பும் ரயிலில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. தாரக்கின் மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. ஓர் இளக்காரம் வந்தது, அதுவும் நிற்கவில்லை. முஸ்தஃபிதான் கண்முன் நின்றார். வேட்டி கசங்காமல், வாய் ஓரத்தில் கடுகு விழுதோடு. பதினெட்டு வருடத்தில் அவர் எழுதியதில் ஒரே ஒரு உண்மை, அதுவும் குருட்டாம்போக்கில். நேரில் போய், மழையில் நின்று, கண்ணால் பார்த்து எழுதிய இவளுடைய ஆறு பக்கம் பொய். இதைவிடக் கேவலமாக ஒருவரை யாராலும் தோற்கடிக்க முடியாது என்று தோன்றியது. எதிரே இருந்த பெண் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் புட்டியை நீட்டினாள்.

ஆனாலும் எழுதினாள். முஸ்தஃபி சரியாகச் சொன்னது எப்படி, தான் தவறாகப் பார்த்தது எப்படி, இரட்டை அட்டை, கேபின், பதினோரு கடிதம், தாரக் சொன்ன இரண்டு கோல், ஒன்றையும் விடவில்லை. தன்னைப் பற்றி எழுதிய இடத்தில்தான் நடை மிக நன்றாக வந்திருந்தது. நாற்பது பக்கத்தை ரணதீப்பின் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கிழித்துப்போடுவான் என்று எதிர்பார்த்தாள். கொஞ்சம் விரும்பினாள் என்றும் சொல்லலாம்.

அவன் கிழிக்கவில்லை. இரண்டே நாளில் போன் செய்தான். "ஜர்ணாதி, நீங்க எங்கேயோ போயிட்டீங்க. இது பத்திக்கும்."

மலர் வந்தது. வழவழப்பான அட்டையில் தாரக் சாந்த்ராவின் இரண்டு முகங்கள், இளமையிலும் முதுமையிலும். 'ஆம், நான் விற்றேன்.' உள்ளே நாலு பக்கம், ஜர்ணா தலாபாத்ரா என்ற பெயரோடு. நாற்பது பக்கத்திலிருந்து மிஞ்சியது அவ்வளவுதான். நடுவில் ஒரு முழுப்பக்கத்துக்கு நீரத்பரண் முஸ்தஃபியின் படம். 'அன்றே சொன்னது கோல்ரேகா. யாருக்கும் அஞ்சாத மனசாட்சி.' கட்லெட் இல்லை. இரட்டை அட்டை இல்லை. கடிதம் எழுதியவள் இல்லை. இரண்டாவது கோலும் இல்லை. 'இரண்டு கோல்களையும் விட்டேன்' என்று தாரக் சொன்னதாக இருந்தது. பலாயின் பெயரை வக்கீல் எடுக்கச் சொல்லிவிட்டாராம்.

அன்றைக்கே அவன் அலுவலகத்துக்குப் போனாள்.

"என் பேரை எடு."

"அச்சாயிடுச்சே ஜர்ணாதி."

"அவர் ரெண்டாவது கோலை விக்கல. அதை ஏன் மாத்தின?"

"ஒண்ணோ ரெண்டோ, படிக்கிறவங்களுக்கு என்ன வித்தியாசம்?" அவன் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"உங்க தாத்தாவுக்காவது தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரியும். உனக்கு அதுவும் தெரியல."

"நீங்க பேசுறதே ஒரு தலைப்பு மாதிரி இருக்கு" என்று சிரித்தான். "ஞாயித்துக்கெழம விழா. கண்டிப்பா வரணும். தாரக் சாந்த்ராவும் வர்றாரு, டிவிக்காரங்க அவரத்தான் கேக்குறாங்க."

போகக்கூடாது என்று இருந்தவள் தாரக் வருகிறார் என்பதற்காகப் போனாள். அரங்கம் நிறைந்திருந்தது. வாசலில் ஆளுக்கொரு பெட்டி: மீன் ஃப்ரை, ஒரு ரசகுல்லா, மடித்த காகிதக் கைக்குட்டை. மேடையில் தாரக் சாந்த்ரா சந்தன நிற ஜிப்பாவில் உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தை விற்றதற்காக ஒரு மனிதருக்குச் சால்வை போர்த்துவதை ஜர்ணா அன்றுதான் பார்த்தாள். கைதட்டினார்கள். பழைய பச்சை-மெரூன் ஆட்களும் பழைய சிவப்பு-மஞ்சள் ஆட்களும் ஒன்றாகச் சேர்ந்து கைதட்டியது அநேகமாக அதுதான் முதல்முறை.

தாரக் மைக்கைப் பிடித்தார். நன்றி சொன்னார். பிறகு, "ஆனா ரெண்டாவது கோல் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து, கால்களை அகட்டி, ஜிப்பாக் கையை மேலேற்றி, பந்து எந்தப் பக்கம் வந்தது என்று காட்டத் தொடங்கினார். எழுபத்தொரு வயது உடம்பு மேடையில் பக்கவாட்டில் சாய்ந்ததைக் கண்டு கூட்டம் சிரித்தது. தொகுப்பாளினி சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கிக்கொண்டாள். "இந்த வயசிலும் என்ன உற்சாகம் பாருங்க."

அடுத்து ஜர்ணாவை அழைத்தார்கள். அவள் மேடையேறி, சால்வையை வாங்காமல் மைக்கை மட்டும் வாங்கினாள்.

"முஸ்தஃபி அந்த ஆட்டத்தைப் பாக்கல. எந்த ஆட்டத்தையும் பாக்கல. கேபின்ல உக்காந்து கட்லெட் சாப்பிட்டாரு. வாசகர் கடிதம் எல்லாம் நான் எழுதினது. தாரக் சாந்த்ரா ஒரு கோல்தான் வித்தாரு. இந்த மலர்ல என் பேருல இருக்கிறது பொய்."

முன்வரிசையில் ஒரு முதியவர் "ஆகா, அந்தக் கேபின் கட்லெட்" என்று பெருமூச்சு விட்டார். யாரோ சிரித்தார்கள். அது பரவி, அரங்கம் முழுக்கச் சிரித்து, கடைசியில் எழுந்து நின்று கைதட்டியது. ரணதீப் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பழைய ஆளுங்க நகைச்சுவையே தனி" என்றான். அடுத்து ஒரு பாடகர் ஹார்மோனியத்தோடு வந்து உட்கார்ந்தார்.

ஜர்ணா பெட்டியைக்கூட எடுக்காமல் வெளியே வந்தாள். தாரக் பின்னாலேயே வந்தார், தோளில் சால்வை, கையில் இரண்டு பெட்டி.

"தீதி, நில்லுங்க. உள்ள நீங்க சொன்னது..." பெட்டிகளை ஒரே கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "ஒண்ணு கேக்கணும். நீங்க கம்பத்துக்குப் பக்கத்துல நின்னீங்க. உங்களத் தவிர பாத்தவங்க யாரும் இல்ல. அந்த ரெண்டாவது பந்து. விரல் நல்லா இருந்திருந்தா புடிச்சிருப்பேனா?"

ஜர்ணாவுக்கு அந்தப் பந்து நன்றாக ஞாபகம் இருந்தது. மெதுவாக, நேராக, இடுப்பு உயரத்தில் வந்தது. ஆறுதலாக ஒன்று சொல்வது அவளுக்குச் சிரமமான காரியமா? நம்பும்படி பொய் எழுதுவதைத்தான் கோல்ரேகாவில் இருபது வருடம் செய்தாள்.

"விரலே இல்லாட்டியும் புடிச்சிருக்கணும் தாரக்தா. லேசான பந்து. நீங்க மொத கோலையே நெனச்சுக்கிட்டு நின்னீங்க."

தாரக் நீண்ட நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். முகம் சுருங்கவில்லை. "அப்படித்தான் இருக்கும்" என்றார். "யாராவது ஆட்டத்தப் பத்திப் பேசணும்னுதான் நான் வந்ததே." ஒரு பெட்டியை அவள் கையில் வைத்துவிட்டு ஹவுரா பஸ் வரும் பக்கம் நடந்தார்.

புதிய கோல்ரேகா நாலு இதழ் வந்தது. ஐந்தாவது வரவில்லை. பெனியாடோலா சந்தில் அச்சகம் இருந்த இடத்தை ரணதீப் அடுக்குமாடி கட்டுபவர்களிடம் கொடுத்துவிட்டு, ஏதோ கிரிக்கெட் பந்தயச் செயலி நடத்துகிறான் என்று கேள்வி. பலாய் சாந்த்ரா அண்ணனைப் பார்க்க வரவே இல்லை. போன மாதம் வங்கியில் ஓய்வூதியத்துக்கான உயிர்ச் சான்று கொடுக்கப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். பாடப்புத்தகத்தில் பிழை திருத்தினேன் என்றாள் ஜர்ணா. அதற்கு முன்பு என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அதுக்கு முன்னாடி கால்பந்து ஆடினேன்" என்று சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.